தட்டிப் பார்த்த நரம்பு

கொதிக்கிற தண்ணீருக்குள் சாமியாத்தாளின் வலது கை இருந்தது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் முழுக்க மூழ்கிப் பட்டுக்கூடுகளைப் புரட்டிப் புரட்டி அமுக்கிக்கொண்டிருந்தன. பக்கத்து அடுப்பில் உட்கார்ந்திருந்த கெம்பம்மா ஒரு முறை பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். அப்புறம் கத்தியே விட்டாள்.

“அய்யய்யோ, கைய எடு அக்கா! தோல் உரியுது நோடு, பாரு!”

சாமியாத்தாள் கையை வெளியே எடுத்துப் பார்த்தாள். சுண்டுவிரலின் தோல் வெந்த கிழங்குத் தோல் போலத் தளர்ந்து தொங்கியது. வேறு யாருடைய விரலையோ பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒண்ணுமே தெரியிலயே கெம்பம்மா” என்றாள். அந்தக் குரலில் பயம்கூட இல்லை. களைப்பு மட்டும்தான் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மைசூர் தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்புறத்துச் சந்து அது. சாவுகார், அதாவது முதலாளி, என்று பெண்கள் கூப்பிடுகிற நஞ்சுண்டசாமி அங்கே ஒரு தகரக் கொட்டகையில் பட்டு நூல் எடுக்கிற அடுப்புகள் வைத்திருந்தார். கூட்டைக் கொதிநீரில் போட்டால் பசை இளகி இழையின் நுனி கிடைக்கும். பல கூடுகளின் நுனியை ஒன்றாகச் சேர்த்து ராட்டையில் இழுத்தால் நூல். சொல்வதற்கு இரண்டு வரிதான், செய்கிறவர்களுக்கு அதுவே ஆயுசு! புதிதாக வருகிற பெண்களுக்கு விரலெல்லாம் கொப்புளமாகும். பிறகு தோல் தடித்துப்போகும். யார் கையை அதிக நேரம் உள்ளே வைத்திருப்பது என்று அவர்களுக்குள் ஒரு பந்தயம், அதில் ஒரு பெருமை. செத்த புழுவின் நாற்றம் சேலையில் ஏறும், தலைமுடியில் ஏறும், கடைசியில் சோற்றிலும் ஏறும்.

அப்படிப்பட்ட இடத்தில் மரத்துப்போன கையை யாரும் ஊனம் என்று நினைக்கவில்லை. அதிர்ஷ்டம் என்று நினைத்தார்கள்! சூடு தெரியாத விரல் யாருக்கு வாய்க்கும்? நஞ்சுண்டசாமியே சாமியாத்தாளை அதிகம் கொதிக்கிற அடுப்புக்கு மாற்றி உட்காரவைத்தவர். கெம்பம்மாவின் கூச்சலைக் கேட்டு அவர் எழுந்து வந்தார்.

“ஏன் கெம்பி இப்படிக் கத்தறே? நீங்க எல்லாரும் உஸ் உஸ்ஸுன்னு விரலை ஊதிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. இந்தம்மா கையப் பாரு, கரண்டியே வேணாம்!”

“கரண்டிக்குத் தோல் உரியுமா சாவுகாரே?” என்று கேட்டாள் கெம்பம்மா.

கொட்டகை முழுக்கச் சிரித்தது. சாமியாத்தாளும் சிரித்தாள். ஈரத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு மறுபடியும் அடுப்பின் முன் உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வாள்? அந்த விரல்களில் பிடிமானம் இல்லை. நுனி தேடுவதில் மற்ற பெண்களைவிடப் பின்தங்கிவிட்டாள். சூடு தாங்குகிற ஒன்றுதான் அவள் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. வீட்டில் சென்னிமலை படுத்துக் கிடந்தான்.

சென்னிமலை அவளுடைய கணவன், அத்தை மகன். இரண்டு பேருக்கும் ஊர் கொள்ளேகாலத்துக்கு அப்பால் ஹனூர்ப் பக்கம். மைசூரில் அவன் வெள்ளை அடிக்கிற வேலை பார்த்தான். தசரா நெருங்கினால் ஊரே சுண்ணாம்பு பூசிக்கொள்ளும், அவனுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. சில மாதங்களுக்கு முன்னால், தசராவுக்கு முந்தின வாரம், ஒரு மாடி வீட்டுச் சுவரில் கட்டியிருந்த மூங்கில் சாரத்தில் கயிறு நழுவியது. சென்னிமலை முதுகு அடிபட விழுந்தான்.

கூட வேலை செய்த ஆள் கொட்டகைக்கு ஓடி வந்து சொன்னான். சாமியாத்தாள் எழுந்த வேகத்தில் புழுத்தண்ணீர் சிந்திக் கிடந்த தரை வழுக்கிவிட்டது. கையை ஊன்றித்தான் விழுந்தாள். கண்ணாடி வளையல்கள் அத்தனையும் நொறுங்கின. அதில் ஒரு சில்லு மணிக்கட்டின் உள்பக்கம், சுண்டுவிரல் ஓரமாக, ஆழமாக இறங்கிவிட்டது.

‘அவ வளையல் ஒடஞ்ச நேரம், அவனுக்கு அப்புடி ஆயிப்போச்சு’ என்று பின்னால் ஊரில் பேசினார்கள். அவன் விழுந்த பிறகுதானே வளையல் உடைந்தது! அதை அவள் யாரிடமும் எடுத்துச் சொல்லவில்லை. சண்டை போடுவதற்கும் தெம்பு வேண்டுமே.

அதே தெருமுனையில் டாக்டர் பராசரன் சின்னதாக ஒரு டிஸ்பென்சரி வைத்திருந்தார். மேல்கோட்டையைப் பூர்வீகமாகக் கொண்ட, வீட்டில் தமிழ் பேசுகிற வைஷ்ணவக் குடும்பம். முதல் உலக யுத்தத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர். குண்டு பட்டுக் கை விளங்காமல் போன சிப்பாய்கள் எத்தனையோ பேரைப் பார்த்தவர். ரத்தம் சொட்டச் சொட்ட வந்தவளின் காயத்தைத் திறந்து பார்த்ததுமே, அறுந்த நரம்பின் இரண்டு முனைகளும் தனித்தனியாகக் கிடந்தது அவருக்குத் தெரிந்தது. முடி போன்ற பட்டு நூலால் இரண்டையும் சேர்த்துத் தைத்தார்.

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கேட்டாள். “எங்க சரக்குங்களா சாமி?”

“உங்க சரக்குதாம்மா. நீயே இழுத்ததாக்கூட இருக்கும். ஆடாம இரு.”

சென்னிமலையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். முதுகெலும்பு முறிந்திருந்தது. தொப்புளுக்குக் கீழே அவனுக்கு எதுவும் இல்லை. கால் இருக்கிற இடமே அவனுக்குத் தெரியவில்லை. சில வாரங்கள் வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பினார்கள்.

வீடு என்றால் ஓர் அறை. அதில் அவள் செய்த வேலையை நினைத்தாலே எனக்கு அசதியாக இருக்கிறது! ஒரே பக்கம் கிடந்தால் புண் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பகலும் இரவும் அவனைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மூத்திரத்தைத் தானாக விட முடியாது. அடிவயிற்றை அமுக்கி எடுக்க வேண்டும். துணி அலச வேண்டும், சோறு ஊட்ட வேண்டும், பிறகு கொட்டகைக்கு ஓட வேண்டும். மத்தியானம் ஓடிவந்து ஒரு முறை புரட்டிவிட்டு மறுபடியும் ஓட வேண்டும். அதுவும் பாதி கையை வைத்துக்கொண்டு.

“ஏம்புள்ள, இன்னிக்கு என்ன வாசம் தூக்குது? புழுவையே தின்னுட்டு வந்துட்டியா?” என்பான் சென்னிமலை.

“நீங்க மட்டும் மல்லியப்பூவாட்டம் மணக்கறீங்ளாக்கும். சும்மா இருங் மாமா, புரட்டோணும்.”

“புரட்டு, புரட்டு. தோசையாவது ரெண்டு புரட்டுல வெந்துரும்.”

அன்று கொட்டகையில் வெந்த சுண்டுவிரலைப் பார்த்ததும் டாக்டர் பராசரன் கோபத்தில் எழுந்தே நின்றுவிட்டார்.

“நோவு தெரியலைன்னு சந்தோஷப்பட்டியோ? நோவுங்கறது வீட்டுக் காவல்காரன் மாதிரிம்மா. அவன் தூங்கறச்சே யாராவது கதவைத் திறந்து போடுவாளோ?”

“சாவுகாரு இது நல்ல கைன்னாருங் சாமி.”

“அவர் கையை விட்டுப் பார்க்கச் சொல்லு.”

திட்டி முடித்து மருந்து போட்டுவிட்டு, வழக்கமாகச் செய்கிற சோதனையை ஆரம்பித்தார். தன் விரல் நுனியால் அவள் மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை நோக்கி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் சாமியாத்தாள் துள்ளினாள்.

“சுருக்குனுதுங்! எறும்பு ஓடறாப்புல சுண்டுவெரல் வரைக்கும் போவுதுங்.”

டாக்டர் அந்த இடத்தில் ஊதா மருந்தால் ஒரு புள்ளி வைத்தார். “போன தடவை இதுக்கு மேல இருந்தது. இப்போ கீழே இறங்கியிருக்கு பாரு. அறுந்த நரம்பு தன்னால வளர்றதும்மா. மாசத்துக்கு ஓர் அங்குலம், சில பேருக்கு இன்னும் கம்மி. எங்கே தட்டினா சுருக்குங்கறதோ, அது வரைக்கும் வந்துடுத்துன்னு அர்த்தம். அவசரப்படாதே. விரல் வரைக்கும் வரும்.”

எவ்வளவு அழகான விஷயம் இது! நரம்பு இழை என்பது முதுகுத்தண்டிலோ அதன் ஓரத்திலோ இருக்கிற ஓர் உயிரணுவின் நீண்ட வால். மணிக்கட்டில் அறுபட்டால் அதற்கு அப்பால் உள்ள துண்டு செத்துவிடும். ஆனால் அதைச் சுற்றியிருந்த உறை சாவதில்லை. உறையின் உயிரணுக்கள் செத்த துண்டைத் தின்று துப்புரவு செய்து, வழியைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். மேலே மிச்சமிருக்கிற முனை அந்த வழியில் ஊர்ந்து ஊர்ந்து விரலைத் தேடி வரும். சாமியாத்தாள் புழுக்கொட்டகையில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் அவள் கைக்குள் அது ஊர்ந்துகொண்டுதான் இருந்தது.

அவளுக்கு இந்த விளக்கமெல்லாம் தெரியாது. தெரிந்துகொண்டது ஒன்றுதான்: அறுந்த நரம்பு வளரும். அவளும் சென்னிமலையும் ஒரே நாளில் விழுந்தவர்கள். அவளுக்கு வளர்கிறது என்றால் அவனுக்கும் வளரத்தானே வேண்டும்? கையைவிடக் கால் நீளம், அதனால் நாள் ஆகும். அவ்வளவுதான். கணவனைப் பற்றி அவள் டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு முறை கேட்டு, தேறாது என்ற பதிலை வாங்கியது போதும் என்று இருந்தாள்.

அந்த வாரமே ஒன்று நடந்தது. ஈரத் துணியால் சென்னிமலையின் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் துணி மூட்டையாகக் கிடந்த கால், சடாரென்று முட்டி மடங்கி மேலே வந்தது!

“மாமா! நீங்களா மடக்குனீங்?”

சென்னிமலை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கி முதலில் காலைப் பார்த்தான், பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமா புள்ள. நாந்தானாட்டம் இருக்குது.”

சாமியாத்தாள் அப்படியே அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு டாக்டர் தன் கைக்குச் செய்ததை எல்லாம் அவள் அவன் காலுக்குச் செய்தாள். இடுப்பிலிருந்து தொடை வழியாகத் தட்டிக்கொண்டே வருவாள். “இங்கத் தெரியுதுங்ளா? இங்க?” ஓர் இடத்தில் அவன், “ஆ, அங்க சுருக்குங்குது” என்பான். அங்கே ஒரு பொட்டுச் சுண்ணாம்பு வைப்பாள். அழிந்தால் திரும்ப வைப்பாள். மாதம் போகப் போக, தொடையில் புள்ளிகள் வரிசையாகக் கீழே இறங்கின. அவள் கையில் நரம்பு எவ்வளவு வேகத்தில் இறங்கியதோ, அதே வேகத்தில்.

சென்னிமலையின் தம்பி கரியப்பன் ஊரிலிருந்து பார்க்க வந்தான். அண்ணனைப் பார்த்துவிட்டு அண்ணியைப் பார்த்தான். எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவர்கள் பக்கத்தில் அண்ணியை நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நங்கையா, நாஞ் சொல்றதக் கேளுங். அண்ணன ஊருக்குக் கொண்டு போயிரலாம். அங்க ஆம்பளைங்க நாலு பேரு இருக்கறோம். ஆளுக்கொருக்காப் புரட்டுனா அண்ணனுக்கும் புண்ணு வராது, நீங்களும் மனுசியாட்டம் தூங்குவீங்.”

“கால் வந்துட்டு இருக்குதுங் தம்பி. இந்நேரத்துல கொண்டு போவச் சொல்றீங்க. அங்க டாக்டருக்கு எங்க போவேன்? இங்க பாருங், போன மாசம் இங்க. இந்த மாசம் இங்க. முட்டிக்கு வந்துருச்சுன்னா பொறவென்ன, அவரே நடந்து வந்துருவாரு.”

கரியப்பன் சுண்ணாம்புப் புள்ளிகளைப் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை அவனுக்கு.

“கண்ணாடி பாத்தீங்ளா நீங்க? எங்கம்மா சாவறப்பக்கூட இந்தளவுக்குக் கறுத்துப் போவல.”

“உங்கம்மாவக் கழுவி விட்டது நாந்தான. எனக்குத் தெரியாதா அது?”

“என்னைய நடுவுல போட்டுட்டு ரெண்டு பேரும் பேசிக்கறீங்க” என்றான் சென்னிமலை. “நான் இன்னும் உசுரோடதான்டா கெடக்கறேன்.”

“செரி, நீயே சொல்லண்ணா. வர்றியா?”

சென்னிமலை மனைவியைப் பார்த்தான். “அவ என்ன சொல்றாளோ அதுதான்டா.”

கரியப்பன் தனியாகத் திரும்பிப் போனான். ஆக, எல்லாம் அந்தக் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. கால் வரும் என்றால் இந்த அறையும் இந்தப் புழு நாற்றமும் இந்தத் தூக்கமில்லாத ராத்திரிகளும் அர்த்தமுள்ளவை. வராது என்றால்? அந்தப் பக்கம் அவள் நினைப்பைப் போகவே விடவில்லை.

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் கொட்டகையில் கையைத் தண்ணீரில் விட்டவள் வீறிட்டுக்கொண்டு வெளியே இழுத்தாள். சுண்டுவிரலில் நெருப்பு! ஊசியால் குத்துகிறது, எரிகிறது, விரலைத் துணி தொட்டாலும் தாங்கவில்லை. கெம்பம்மா பயந்துபோனாள்.

“வாதம் இறங்கியிருக்கு அக்கா. எங்க ஊர்ல இதுக்குச் சூடு போடுவாங்க. நான் கூட்டிட்டுப் போறேன், வா.”

“அடி போடி. சூடு போட்டது போதாதா இத்தன நாளா? வலிக்குதுடி கெம்பம்மா! எனக்கு வலிக்குது!” என்று சாமியாத்தாள் சிரித்தாள், அழுதாள், கையை மடியில் வைத்துக்கொண்டு ஆடினாள்.

நஞ்சுண்டசாமிதான் முகத்தைச் சுளித்தார். “நல்லாத்தானே இருந்துச்சு. இப்ப இந்தம்மாவும் உஸ்ஸுன்னு ஊத ஆரம்பிச்சிடுச்சா?”

டாக்டர் பராசரன் விரலைச் சுரண்டிப் பார்த்தார், பஞ்சால் தொட்டுப் பார்த்தார். யுத்தம் பார்த்த அந்த மனுஷர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “வந்துடுத்தும்மா! முதல்ல நோவுதான் வரும். எரியும், கூசும். போகப் போகச் சரியாயிடும். விரல் கொஞ்சம் வளைஞ்சே நிக்கலாம். அதனால என்ன, உன் கை உனக்கு வந்துடுத்து.”

அந்தச் சந்தோஷத்தில்தான் அவளுக்குத் துணிச்சல் வந்தது. “சாமி, எங்கூட்டுக்காரருக்கும் வந்துட்டு இருக்குதுங். கால் தானா மடங்குது. தட்டுனா சுருக்குங்குதாம். தொடை தாண்டிருச்சு. ஒருக்கா வந்து பாருங் சாமி.”

டாக்டருடைய சிரிப்பு நின்றது. “யாருக்கு? எங்கே அடி?”

அவள் சொன்னாள். அவர் பையை எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தார்.

அறைக்குள் வந்து குனிந்து சென்னிமலையின் தொடையைப் பார்த்தார். புள்ளி வைத்த வரிசையைப் பார்த்தார். பாதத்தின் அடியைக் கீறினார். கால் வெடுக்கென்று மடங்கியது. சாமியாத்தாள் ‘பாருங், பாருங்’ என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“சென்னிமலை, இந்தத் துண்டைக் கண் மேல போட்டுக்கோ. நான் தொட்டா தெரியறதுன்னு சொல்லு. தொடலைன்னா சும்மா இரு. சரியா?”

“செரிங் சாமி.”

டாக்டர் அவன் நெஞ்சைத் தொட்டார்.

“தெரியுதுங்.”

மேல் வயிற்றைத் தொட்டார்.

“தெரியுதுங்.”

பிறகு கையை எடுத்துவிட்டார். தொடைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கையை வைத்துக்கொண்டு, “இப்போ?” என்றார்.

சென்னிமலை சற்றுத் தயங்கினான். “தெரியுதுங் சாமி. சுருக்குனுது.”

டாக்டர் எதுவும் சொல்லாமல் பையிலிருந்து ஓர் ஊசியை எடுத்துத் தொடையில் குத்தினார். சென்னிமலை அசையவில்லை. துண்டுக்குக் கீழே அவன் வாய் அமைதியாக, அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தது. ஊசி குத்திய இடத்தில், சுண்ணாம்புப் புள்ளிக்குப் பக்கத்தில், கடுகளவு ரத்தம் அரும்பியது. டாக்டர் ஊசியை எடுத்துவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இப்போ?”

“தெரியுதுங். இப்ப முட்டிகிட்டங் சாமி. நல்லாத் தெரியுது.”

கால்மாட்டில் நின்றுகொண்டிருந்த சாமியாத்தாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் மறுபடியும் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் அவருடைய கோட்டின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“போதுங் சாமி.”

வாசலுக்கு வெளியே வந்து இரண்டு பேரும் நின்றார்கள். மார்க்கெட் பக்கத்திலிருந்து வண்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“கால் மடங்குதுங்ளே சாமி” என்றாள். ஏற்கெனவே தெரிந்துவிட்ட ஒன்றை எதற்கோ கேட்டுவைக்கிற குரல்.

“மடங்கறது. அவனைக் கேக்காம மடங்கறது. அடிபட்ட இடத்துக்குக் கீழே இருக்கற தண்டுக்குத் தானா உதறிக்கத் தெரியும்மா. மேலேருந்து சேதி போகலை, கீழேருந்து சேதி வரலை. யுத்தத்துல இந்த மாதிரி எத்தனையோ பேரைப் பார்த்தேன். கை, கால்ல அறுந்த நரம்பு வந்தது. முதுகுத்தண்டுல அறுந்தது ஒருத்தனுக்கும் வரலை.”

“ரெண்டும் நரம்புதானுங்ளே?”

“ரெண்டும் நரம்புதான். உன் கைல இருந்ததுக்கு வழி காட்ட ஓர் உறை இருந்தது. தண்டுக்குள்ளே அப்படி இல்லை. அங்கே தழும்பு கட்டி வழியை மறிச்சுடறது. ஏன் அப்படின்னு என்னைக் கேக்காதே. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியலை.”

இன்றைக்கு அதில் கொஞ்சம் தெரியும். முதுகுத்தண்டுக்குள் செத்த துண்டுகளைச் சீக்கிரம் துப்புரவு செய்கிறவர்கள் இல்லை. அங்கேயே இருக்கிற சில பொருள்கள் வளர வருகிற முனையை ‘நில்’ என்று தடுக்கின்றன. அந்தத் தடையை எடுக்க உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் ஆட்கள் உட்கார்ந்து உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழுசாக இன்னும் முடியவில்லை. வாசலில் நின்ற அந்த இரண்டு பேருக்கு அப்போது அவ்வளவுகூடக் கிடையாது.

“முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா.”

“கேட்டா இல்லைன்னு சொல்லிப்போடுவீங்கன்னுதானுங் கேக்கல.”

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

சாமியாத்தாள் உள்ளே வந்தாள். துணியை நனைத்துக்கொண்டு சென்னிமலையின் பக்கத்தில் உட்கார்ந்து, தொடையில் இருந்த ரத்தத்தை முதலில் துடைத்தாள். பிறகு சுண்ணாம்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“ஏம்புள்ள அழிக்கற?”

“சாமி கையக் கட்டிட்டு நின்னாருங் மாமா. நீங்க தெரியுதுன்னீங்.”

சென்னிமலை கண்ணை மூடிக்கொண்டான்.

“எப்ப இருந்துங்?”

“மொத நாள்ல இருந்தேதான். கால் மடங்குச்சே, அன்னிக்கு. உம் மூஞ்சி அப்புடி இருந்துச்சு. இல்லைன்னு சொல்ல வாய் வல்ல.”

“பொறவு எப்புடி மாசா மாசம் அளவா எறங்குச்சு?”

“டாக்டரு உங்கைல எவ்வளவு எறங்கியிருக்குதுன்னாருன்னு நீதான வந்து சொல்லுவ. நானும் அவ்வளவு எறக்கிட்டேன்.”

சாமியாத்தாள் அவன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள்.

“இது தெரியுதா?”

“ஐயோ, தெரியுது புள்ள!”

இன்னோர் அடி. அப்புறம் அவன் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் அவள் தலையைத் தடவினான். சற்றுப் பொறுத்துக் கேட்டான்.

“அந்த மனுசன் என்ன பண்ணுனாரு? துணியில ரத்தமா இருக்குதே?”

“ஊசில குத்துனாருங்.”

“பாவி! குத்தறதக் குத்திட்டுச் சொல்லாமப் போயிட்டாரு பாரு.”

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் உடம்பு மொத்தமும் விட்டுப்போனது போல இருந்தது.

“எனக்கு முடியலீங் மாமா.”

“எனக்கும் முடியல புள்ள. தெனமும் தெரியுது தெரியுதுன்னு சொல்றதும் ஒரு வேலதான். வெள்ள அடிக்கறதுகூட அதுக்குத் தேவல.” அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். “கரியப்பனுக்குச் சொல்லியனுப்பு.”

சேதி போனது. கரியப்பன் வைக்கோல் நிறையப் பரப்பின மாட்டு வண்டியோடு வந்தான். கொட்டகையிலிருந்து கெம்பம்மா வந்து அவள் கையைப் பிடித்துப் பார்த்து, “இனிமே யாரும் இதை நல்ல கைன்னு சொன்னா செருப்பால அடி அக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். கொள்ளேகாலம் வழியாக, இரவில் தங்கித் தங்கிப் போனார்கள். வழி நெடுக சாமியாத்தாள்தான் அவனைப் புரட்டினாள். கரியப்பன் கை வைத்தால் விடவில்லை.

சென்னிமலை அதற்குப் பிறகு சில வருஷங்கள்தான் இருந்தான். அந்தக் காலத்தில் அந்த மாதிரி அடிபட்டவர்களில் பலருக்கு அவ்வளவுகூடக் கிடைக்கவில்லை. ஒரு காய்ச்சல் வந்தது, சிறுநீரகம் கெட்டது, போய்விட்டான். சாமியாத்தாள் வெகுகாலம் இருந்தாள். சுண்டுவிரல் கடைசி வரை கொஞ்சம் வளைந்தேதான் இருந்தது. ஆனால் குளிரும் சூடும் அதற்குத் தெரிந்தது.

ஊர் போய்ச் சேர்ந்த அன்று மத்தியானம், கரியப்பனும் பங்காளிகளுமாகச் சேர்ந்து சென்னிமலையைக் கட்டிலில் இறக்கினார்கள். “மெதுவாடா, சுண்ணாம்பு மூட்டைன்னு நெனச்சீங்ளா?” என்று அவன் அதட்டிக்கொண்டிருந்தான். கரியப்பனின் மனைவி ராமக்காள் சாமியாத்தாளுக்குச் சோறு போட்டாள். பாதி சாப்பிட்டுவிட்டுச் சுவரோரமாக ஒருக்களித்துச் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். கை கழுவவில்லை.

பொழுது சாய்ந்தது. கரியப்பனும் ஒரு பங்காளியும் வந்து சென்னிமலையை இடப்பக்கம் புரட்டிப் படுக்கவைத்தார்கள். அவன் கண்ணால் ஜாடை காட்டி, சத்தம் போடாதீர்கள் என்றான்.

“நங்கையாவ எழுப்பி, இப்புடி வெச்சாச் செரியான்னு கேக்கலாமா?” என்றாள் ராமக்காள், குரலைத் தாழ்த்தி.

“வேண்டாம் விடு” என்றான் சென்னிமலை. “செரியாத்தான் இருக்கும்.”

ராமக்காள் ஈரத் துணியைக் கொண்டுவந்து, தூங்குகிறவளின் கையை மெல்ல எடுத்துச் சோற்றுப் பருக்கைகளைத் துடைத்தாள். துணி சுண்டுவிரலில் பட்டதும் தூக்கத்திலேயே சாமியாத்தாள் கையை இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். விழிக்கவில்லை.